வயசானவங்க கண்ணுல மேக்குலா பிரச்சனையா? வீட்லயே கட்டம் பாத்து செக் பண்றது இப்படித்தான்

எங்க அப்பா ஒருநாள் ஜன்னல் கம்பி நடுவுல வளைஞ்சு தெரியுதுடான்னாரு, நாங்க பவர் மாறியிருக்கும்னு ஒரு மாசம் அப்படியே விட்டுட்டோம், அந்த ஒரு மாசம்தான் இன்னிக்கும் உறுத்துது.

விஷயம் என்னன்னா, விழித்திரையோட நடுப்பகுதிதான் மேக்குலா. படிக்கிறது, முகம் பாக்கிறது எல்லாம் அதாலதான். வயசாகும்போது அதுக்கு அடியில மஞ்சளா படிவு சேரும், அது டிரை டைப், மெதுவா போகும். சிலருக்கு அடியில இருக்கிற ரத்தநாள அடுக்குலேர்ந்து புதுசா குட்டி குட்டி நாளங்கள் முளைச்சு மேல வரும், சுவர் பலமில்லாத நாளம், அதனால நீரும் ரத்தமும் கசியும், விழித்திரை மேடு தட்டும், அதான் நேர்கோடு வளையுது. இது வெட் டைப், வாரக்கணக்குலயே நடுப்பார்வை போயிடலாம்.

இதை சீக்கிரம் பிடிக்கத்தான் ஆம்ஸ்லர் கட்டம். 10 செ.மீ. சதுரம், உள்ள 5 மி.மீ. கட்டங்கள், நடுவுல ஒரு புள்ளி. பிரிண்ட் எடுத்ததும் ஸ்கேல் வெச்சு அளந்துடுங்க, பிரிண்டர் பாதி நேரம் சுருக்கிடும். படிக்கிற கண்ணாடி போட்டுக்கணும், தூரம் 30 செ.மீ., அதாவது பசங்களோட ஒரு அடி ஸ்கேல் நீளம். ஒரு கண்ணை உள்ளங்கையால மூடணும், அழுத்தக்கூடாது, அழுத்துனா அப்புறம் அந்தக் கண்ணே மங்கலா தெரியும். பார்வை புள்ளியிலயே நிக்கணும், கோட்டு மேல ஓட விட்டுட்டா டெஸ்ட்டே வேஸ்ட். நாலு மூலையும் தெரியுதா, எங்கயாச்சும் கோடு நெளியுதா, அழிஞ்ச மாதிரி இருக்கான்னு நீங்க கேட்டுக்கிட்டே இருங்க, சொல்ற இடத்தை அவங்களையே பேனாவால சுழிக்க சொல்லி தேதி போட்டு வைங்க. அப்புறம் அடுத்த கண்ணு.

ஒவ்வொரு கண்ணா பாக்கிறதுலதான் எல்லாமே இருக்கு. ரெண்டும் திறந்திருந்தா நல்ல கண்ணு கெட்ட கண்ணோட குறையை மூடி மறைச்சிடும், எங்கப்பா அவ்ளோ நாள் பேப்பர் படிச்சதே அப்படித்தான்.

புதுசா நெளிவு வந்துச்சுன்னா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, உடனே ரெட்டினா டாக்டர். ஓசிடி ஸ்கேன் எடுப்பாங்க, ஒளியை வெச்சே விழித்திரை அடுக்குகளை படம் பிடிக்கிறது, கண்ணைத் தொடக்கூட மாட்டாங்க. சிலருக்கு கையில மஞ்சள் சாயம் ஏத்தி கண்ணோட ரத்தநாளத்தை படம் எடுக்கிற ஆஞ்சியோகிராம், அன்னிக்கு யூரின் மஞ்சளா போகும், பயப்படாதீங்க. அந்த நாளத்தை முளைக்க வைக்கிற விஈஜிஎஃப்ங்கிற புரதத்தை அடக்கத்தான் கண்ணுக்குள்ள ஊசி. கேக்கவே நடுங்கும், ஆனா மரத்துப்போற சொட்டு விட்டுதான் போடுவாங்க, ஊசி உள்ள போறது சில செகண்டுதான். இந்த ஊசி மருந்துகள்ல பெவாசிசுமாப்னு ஒண்ணு குடல் கேன்சருக்கு வந்தது, விலை கம்மி, டாக்டர்கிட்ட தயங்காம கேளுங்க. வழக்கமா முதல்ல மாசம் ஒண்ணா மூணு, அப்புறம் கண்ணைப் பாத்து இடைவெளி விடுவாங்க. ஊசி போட்டப்புறம் வலி ஏறிக்கிட்டே போனாலோ பார்வை குறைஞ்சாலோ அன்னிக்கே போன் போடணும்.

லூட்டின், ஜிங்க் மாத்திரையை எல்லாம் கடையில நீங்களா வாங்காதீங்க, அது இந்த நோய் நடுத்தர ஸ்டேஜ்ல இருக்கிறவங்களுக்கும், ஒரு கண்ணுல முத்திப்போனவங்களுக்கும்தான் பிரயோஜனம். பீடி சிகரெட் பிடிக்கிறவங்க, விட்டவங்க, பீட்டா கரோட்டின் இருக்கிற மாத்திரை பக்கமே போகக்கூடாது, நுரையீரல் கேன்சர் ரிஸ்க்.

இன்னொண்ணு, கட்டம் நல்லா தெரியுதேன்னு ஸ்கேனை தள்ளிப்போடாதீங்க, ஆரம்பக் கசிவு இதுல தப்பிடலாம். கட்டத்தை ஃபைல்ல வெச்சா மறந்துடும், எங்க வீட்ல ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டியிருக்கோம், அப்பா காபிக்கு பால் எடுக்கிறப்போ பாத்துடுவாரு.