இலையைப் பாடம் செய்தல்: சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஓர் இலையுதிர்காலச் செய்முறை

இலையுதிர்காலம் தொடங்கியதும் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் முதலில் மாறுவது மாலைப்பொழுதுதான். நேற்றுவரை வெளியே ஓடியாடிக்கொண்டிருந்த நேரத்தில் இன்று இருட்டிவிடுகிறது. இரவு உணவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்க, குழந்தைகள் கூடத்துக்கும் அடுக்களைக்குமாகக் கால் ஓயாமல் அலைகிறார்கள். அந்த நேரத்தை நிரப்ப எங்கள் வீட்டில் முயன்றவற்றுள் ஆண்டுதோறும் நிலைத்து நின்ற வேலை, உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து பாடம் செய்வது, அதாவது நிறமும் வடிவமும் கெடாமல் தட்டையாக உலர்த்தி எடுப்பது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இலை நன்றாக உலர ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வேண்டும். மூன்று வயதுக் குழந்தையோ ஒரு வேலையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே பெரிது. இந்த இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் அடக்கப் பார்த்தால் இலையும் கெடும், குழந்தையும் அழும். ஆகவே கீழே உள்ள படிகளை நாள்களாகப் பிரித்திருக்கிறேன். வெளியே நடந்துவரும் நேரத்தைக் கழித்தால், எந்தப் படியும் குழந்தையிடம் கால் மணி நேரத்துக்கு மேல் கேட்காது. இரண்டரை வயதிலிருந்து ஆறேழு வயதுவரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும்.

வேண்டிய பொருள்கள்: ஒரு துணிப்பை அல்லது காகிதப்பை, பழைய செய்தித்தாள்கள், செய்தித்தாளின் பாதி அளவில் இரண்டு அட்டைகள், கனமான நான்கைந்து புத்தகங்கள், ஒரு பென்சில். பளபளப்பான தாளில் அச்சிட்ட வார இதழ்கள் ஈரத்தை உறிஞ்சாது என்பதால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். பிளாஸ்டிக் பையும் வேண்டாம்; அரை மணி நேரத்தில் உள்ளே வியர்த்து இலைகள் நைந்துவிடும்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுத்தல்

மழை பெய்து குறைந்தது ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். பனி காய்ந்த பிறகு, முற்பகல் நேரத்தில் கிளம்புவது நல்லது. முதல் ஆண்டு நான் இதைப் பொருட்படுத்தாமல் காலைப் பனியில் நனைந்த இலைகளை அப்படியே புத்தகத்துக்குள் வைத்தேன். ஐந்தாம் நாள் திறந்தபோது பாதி இலைகளில் பூஞ்சணம் பூத்திருந்தது, புத்தகமும் போனது. குழந்தைகளுக்கு முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் அணிவித்து, கால் சட்டையின் விளிம்பைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். உண்ணிகள் இலைக்குவியலிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும். குளிர் தொடங்கியதால் அவை போய்விட்டன என்று எண்ணிவிடக் கூடாது. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம், தலைமுடியின் ஓரம் ஆகிய இடங்களைப் பார்த்துவிடுங்கள். ஒட்டியிருந்தால் கூர்நுனி இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்தெடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: இலை பொறுக்குதல்

இந்தப் படியில்தான் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்நாள் முழுவதற்கும் நம்மிடம் தனித்தனிச் சொற்கள் உள்ளன. கிளம்பும் முன்பே இவற்றைப் பாட்டுப்போலச் சொல்லிக்கொடுத்துவிட்டால், மரத்தடியில் “இது பழுப்பா, சருகா?” என்ற ஒரே கேள்வி முழு விளையாட்டாகிவிடும். நமக்கு வேண்டியது பழுப்பு, அதாவது நிறம் மாறியும் இன்னும் காய்ந்துவிடாத இலை. இலையை நடுநரம்பின் குறுக்கே மெல்ல வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: வளைந்து கொடுத்தால் பைக்குள், நொறுங்கினால் தரைக்கு. விரலால் செய்யும் இந்தச் சோதனையைக் குழந்தைகள் பெரியவர்களைவிடக் கண்டிப்பாகச் செய்வார்கள்.

ஆளுக்குப் பத்து இலை என்று வரம்பு வைப்பது அவசியம். வைக்காவிட்டால் இருநூறு வரும், கூடவே மூன்று கற்களும் ஒரு குச்சியும் வரும். மேப்பிள், பிர்ச் போன்ற மரங்களின் மெல்லிய இலைகள் விரைவில் உலரும் என்பதால் முதல் முயற்சிக்கு அவையே ஏற்றவை. ஓக் இலை தடிப்பானது. அதற்குச் சில நாள்கள் கூடுதலாகப் பிடிக்கும், நிறமும் பெரும்பாலும் மண்ணிறமாகவே முடியும். பூச்சி அரித்த ஓட்டை இலையைத்தான் குழந்தை விரும்பும். நாம் முழு இலையைக் காட்டி மாற்றப் பார்ப்பதில் பயனில்லை; உலர்ந்தபின் ஓட்டை இலைதான் அழகாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காளான்களையும் பெயர் தெரியாத பழங்களையும் தொட வேண்டாம் என்பதை நடையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை உடனிருந்தால், ஓக் கொட்டை போன்ற சிறு விதைகளைப் பெரியவர் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் அவை தொண்டையில் சிக்கக்கூடிய அளவுள்ளவை. கழிப்பறைக் காகிதச் சுருளின் உள்ளட்டைக் குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆகாது என்பது எளிய அளவுகோல்.

மூன்றாம் படி: அன்றைக்கே படுக்க வைத்தல்

பொறுக்கிய இலைகள் சில மணி நேரத்திலேயே சுருளத் தொடங்கும். எனவே அன்று மாலையே இதைச் செய்துவிட வேண்டும். மண் ஒட்டிய இலையை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணிக்கு இடையே வைத்து ஒற்றி எடுங்கள். ஓர் அட்டை, அதன்மேல் நான்கு மடிப்புச் செய்தித்தாள், அதன்மேல் ஒன்றையொன்று தொடாதபடி இலைகள், மறுபடியும் நான்கு மடிப்புத் தாள் என அடுக்கிக்கொண்டே போய், கடைசியாக மற்றோர் அட்டையால் மூட வேண்டும். காம்பு தடிப்பாக இருந்தால் அது தாளைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அருகிலுள்ள இலைப்பரப்பு சுருங்கிவிடும். அத்தகைய காம்பை நறுக்கிவிடலாம்.

அடுக்கும் வேலை முழுவதையும் குழந்தையிடம் விடுங்கள். “இலைகளைத் தூங்க வைக்கிறோம், ஒன்றின் மேல் ஒன்று கால் போடக் கூடாது” என்று சொன்னால் போதும், இடைவெளி தானாக அமையும். தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதியை எழுதி, மேலே புத்தகங்களை ஏற்றிவிட்டு, எல்லாவற்றையும் குழந்தைக்கு எட்டாத ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தால் மூன்றாம் நாள் வீட்டில் எல்லோருமே மறந்துவிடுவார்கள், நானும் மறந்திருக்கிறேன்.

ஓர் இலையை மட்டும் அடுக்குக்குள் வைக்காமல் சன்னலோரத்தில் திறந்தபடி விட்டுவையுங்கள். அது ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

நான்காம் படி: காத்திருத்தல்

முழு வேலையிலும் கடினமானது இதுவே. முதல் மூன்று நாள்களுக்கு நாள்தோறும் தாளை மாற்ற வேண்டும், ஏனெனில் இலையிலுள்ள நீரில் பெரும்பங்கு அப்போதுதான் வெளியேறுகிறது. அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்றினால் போதும். ஈரத்தாளை உருவுவது பெரியவர் வேலை, உலர்ந்த தாளை விரிப்பது குழந்தையின் வேலை. மற்ற நேரங்களில் “திறந்து பார்க்கலாமா?” என்று மணிக்கொரு முறை வரும் கேள்விக்குத்தான் சன்னலோர இலை. அதைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் அது சுருண்டு, ஓரம் மடிந்து, கண்ணெதிரே சருகாவதைக் குழந்தை காணும்; தாள் மாற்றும்போது அடுக்குக்குள் இருப்பது தட்டையாகவே இருப்பதையும் காணும். இவ்வளவு எடை எதற்கு என்ற கேள்விக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

“இலை ஏன் சிவப்பாகிறது?” என்று கேட்காத குழந்தை இல்லை. பதில் மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு வேறு. இலைக்குப் பச்சை நிறம் தருவது பச்சையம். வெயில் காலம் முழுவதும் மரம் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. இரவு நீண்டு பகல் குறுகும்போது அந்தப் புதுப்பித்தல் நிற்கிறது, பச்சையம் சிதைகிறது, அதுவரை அதன் மறைவிலேயே இருந்த கரோட்டினாய்டு நிறமிகள் மஞ்சளாகவும் ஆரஞ்சாகவும் வெளித்தெரிகின்றன. ஆகவே “மஞ்சள் முன்பே உள்ளே ஒளிந்திருந்தது” என்று குழந்தையிடம் சொல்வது முழு உண்மை. சிவப்பு அப்படியன்று. ஆந்தோசயனின் என்ற அந்த நிறமியைப் பல மரங்கள் இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு இலையுதிர்காலத்தில்தான் புதிதாக உண்டாக்குகின்றன. வெயிலான பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால் சிவப்பு நன்றாக ஏறும். அதற்கு ஒளியும் வேண்டும் என்பதால், மேலே மற்றோர் இலை மறைத்துக்கொண்டிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே நின்றுவிட்ட சிவப்பு இலை சில சமயம் கிடைக்கும். எங்கள் வீட்டில் அதைக் கண்டுபிடித்தவருக்கு அன்று இரவு கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை.

காத்திருக்கும் மாலைகளில் மிச்ச இலைகளைக் கொண்டு நரம்புப் படம் எடுக்கலாம். இலையின் அடிப்பக்கத்தில் நரம்பு புடைத்திருக்கும். அப்பக்கம் மேலே வரும்படி இலையை வைத்து, மெல்லிய தாளால் மூடி, காகித உறை நீக்கிய கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்புகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும். நுனியால் தேய்த்தால் தாள்தான் கிழியும். சிறு கைகளுக்கு இலை நழுவாதிருக்க, அதன் முனைகளைப் பெரியவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: உலர்ந்ததா என்று பார்த்தல்

ஏழாம் நாளிலிருந்து சோதிக்கலாம். இலையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது, அது ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. அறையின் சூட்டிலேயே இருந்தால் உலர்ந்துவிட்டது. விரல் நுனியைவிடக் கன்னம் இதை நன்றாக உணரும். குழந்தைகளுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும், ஆனால் காய்ந்த இலையைக் கன்னத்தில் அழுத்தினால் நொறுங்கும் என்பதால் முதல்முறை நீங்களே பிடித்துக் காட்டுங்கள்.

நொறுங்காத இலைதான் வேண்டுமென்றால் கிளிசரின் முறை உண்டு. ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு நீரில் கலந்து, தட்டையான தட்டில் ஊற்றி, இலைகளை மூழ்க வைத்து, மேலே மற்றொரு தட்டை வைத்து அழுத்திவிடுங்கள். மூன்று முதல் ஆறு நாளில் எடுத்துத் துடைத்தால் இலை துணிபோல மடங்கும், நிறம் சற்றுக் கருக்கும். கலவை குழந்தைகளின் வாய்க்குப் போகாதபடி உயரத்தில் வைக்க வேண்டும். ஒட்டுவதற்கும் மாலையாகக் கோப்பதற்கும் இந்த இலைகளே தாங்கும்.

ஆறாம் படி: பயன்படுத்துதல், பாதுகாத்தல்

முழுவதும் உலராத இலையைப் பிளாஸ்டிக் உறையிட்டு லேமினேட் செய்யாதீர்கள்; உள்ளே சிக்கிய ஈரம் சில வாரங்களில் அதைக் கறுக்க வைத்துவிடும். உலர்ந்த இலையாயினும் நேர் வெயிலில் நிறம் வெளுக்கும். சன்னல் கண்ணாடியில் ஒட்டினால் அழகுதான், ஆனால் ஒரு பருவத்துக்கு மேல் நிறம் நிற்காது. நிற்க வேண்டியவற்றைத் தேதியும் பொறுக்கியவர் பெயரும் எழுதிய காகித உறையில் தட்டையாக வைத்து இருட்டான அலமாரியில் வையுங்கள்.

ஆளுக்கு ஓர் உறை என்று பிரித்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் அந்தச் சிவப்பு இலை யாருடையது என்ற வழக்கு கிளம்பும். பிரிக்கும்போதே ஒன்றிரண்டு இலைகள் கட்டாயம் உடையும். அதற்காகவே சில இலைகளைக் கூடுதலாக அடுக்கில் வைத்திருங்கள்; உடைந்தவற்றைச் சன்னலோரத்துச் சருகோடு சேர்த்துக் குழந்தையின் கையாலேயே பூந்தொட்டி மண்ணில் நொறுக்கிப் போடச் சொல்லலாம்.