விலை தெரியாத விலைப்பட்டியல்: மொபைல் திரைக்கு இணையதளம் அமைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன வாரம், என்னிடம் வேலை பழக வரும் போச்சம்பள்ளித் தம்பி மொபைலை நீட்டினான். "பக்கம் சைடுல நகருதுண்ணா, ஒரே வரியில நிறுத்திட்டேன்." எந்த வரி என்று கேட்காமலே தெரிந்துவிட்டது. அதே வரியை எழுதி ஒருவருடைய ஆடி மாத வியாபாரத்தை நான் கெடுத்திருக்கிறேன். வியூபோர்ட் டேக்கை (பக்கத்தைப் போன் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வரி) மறப்பது போன்றவற்றை எந்தப் பாடமும் சொல்லிவிடும், அதையெல்லாம் விடுகிறேன்.

வழிவதை மறைப்பது

சந்தூர் பக்கம் ஒரு மாங்கன்றுப் பண்ணைக்குத் தளம் செய்தேன். செந்தூரா, பெங்களூரா, அல்போன்சா என்று ரகம், கன்றின் வயது, உயரம், விலை என நான்கு பத்தி அட்டவணை. என் போன் வந்த டப்பாவில் திரை அகலம் 1080 பிக்சல் என்று போட்டிருந்தது. சரி, 1000 பிக்சலில் அட்டவணை போட்டால் அடங்கிவிடும் என்று நினைத்தேன்.

அங்கேதான் பிசகு. டப்பாவில் இருப்பது திரையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் வரும் பிக்சல் வேறு. அந்தப் போன் அகலவாக்கில் மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒரு சிஎஸ்எஸ் பிக்சலாகக் கணக்கு வைக்கும். 1080-ஐ மூன்றால் வகுத்தால் 360. அதற்குள் 1000-ஐத் திணித்தால் வழியத்தானே செய்யும்?

வழிந்தது. விரல் பட்டாலே பக்கம் ஆடியது. நான் காரணத்தைத் தேடவில்லை. எல்லாவற்றையும் சுற்றியிருந்த டிவ்வுக்கு (பக்கத்தின் ஒரு பகுதியை அடைக்கும் பெட்டி) 'ஓவர்ஃப்ளோ எக்ஸ் ஹிட்டன்', அதாவது பக்கவாட்டில் வழிவதை மறை, என்று ஒரு வரி எழுதினேன், ஆட்டம் நின்றது. ஆனால் கடைசிப் பத்தியான விலை திரைக்கு வெளியே மாட்டிக்கொண்டது. விரலால் இழுத்தாலும் வராது. பண்ணைக்காரர் கம்ப்யூட்டரில் பார்த்தார், அவருக்கு எல்லாம் தெரிந்தது. மழை விழுந்து கன்று நடுகிற நேரம் அது. காவேரிப்பட்டினம், ஊத்தங்கரைப் பக்கத்து விவசாயிகள் போனில் பார்த்துவிட்டு, விலையே போடவில்லை என்று வேறு பண்ணைக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் நேரில் வந்து போனைக் காட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. "விலைதானே தம்பி முக்கியம்?" என்றார் பண்ணைக்காரர். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பக்கம் ஆடினால், ஏதோ ஒன்று அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடியுங்கள். குரோம் பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் (பக்கத்தைச் சோதிக்கும் கருவி) அகலத்தை 360 வைத்து, பக்கத்தின் எல்லா எலிமென்டுக்கும், அதாவது ஒவ்வொரு கூறுக்கும், சிவப்பு அவுட்லைன் போடுங்கள். பார்டர் வேண்டாம், அது சில நேரம் அகலத்தையே கூட்டிவிடும். வலதுபுறம் திரையின் ஓரத்தைத் தாண்டி நிற்பதுதான் காரணம். பெரும்பாலும் அகலம் நிலையாகக் கொடுத்த அட்டவணை, படம், மேப், உடையாத நீண்ட லிங்க் இவற்றில் ஒன்றாக இருக்கும். படம் என்றால் அதிகபட்ச அகலம் 100 சதவீதம் என்று எழுதினால் போதும். அட்டவணை என்றால், அதை மட்டும் தனியாகப் பக்கவாட்டில் நகரும் டிவ்வுக்குள் வையுங்கள். நான் இப்போது சின்னத் திரையில் அட்டவணையைக் கலைத்து, ரகத்துக்கு ஒரு கட்டம் போட்டு, பெயருக்குக் கீழேயே விலையை வைத்துவிடுகிறேன்.

தம்பியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது 600 பிக்சல் அகலத்தில் ஒட்டிய கூகுள் மேப். அவன் எழுதிய வரியால் 'வழி காட்டு' பட்டன் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அந்த வரியை அழிக்கச் சொல்லிவிட்டு, மேப்பின் அகலத்தை அவனையே திருத்த வைத்தேன்.

லேப்டாப் என்றால் 1920 என்று நம்புவது

விண்டோஸில் 150 சதவீதம் ஸ்கேலிங் (எல்லாவற்றையும் பெரிதாகக் காட்டும் அமைப்பு) வைத்தால், 1920 பிக்சல் அகலத் திரையும் பிரவுசருக்கு 1280-தான். பழைய 1366 லேப்டாப்பில் 125 வைத்திருந்தால் 1092 சொச்சம். ஓசூர் கம்பெனி ஆபீஸ்களில் இரண்டையும் பார்க்கிறேன். கருவியின் பெயரைப் பார்த்து பிரேக்பாயின்ட் (அமைப்பு மாற வேண்டிய அகலம்) வைக்காதீர்கள். ஜன்னலை மெதுவாகச் சுருக்குங்கள், அமைப்பு எங்கே நெளிகிறதோ அங்கே வையுங்கள்.

தமிழ் எழுத்துக்கு உயரம் கட்டுவது

'அப்ளை' என்று எழுதிப் பார்த்த 32 பிக்சல் உயரப் பட்டனில் 'விண்ணப்பிக்க இங்கே அழுத்தவும்' என்று போட்டால் இரண்டு வரியாகி, எழுத்து பட்டனுக்கு வெளியே வழியும். வரி இடைவெளி நெருக்கமாக இருந்தால் 'கீ', 'றீ' எழுத்துகளின் மேல்சுழி மேல் வரியோடு மோதும். உயரம் கொடுக்காமல் பேடிங் (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளி) கொடுங்கள்.

ஜூமைப் பூட்டுவது

பூட்டாதீர்கள்.

கேமரா படத்தை அப்படியே ஏற்றுவது

4000 பிக்சல் படத்தை 360 திரைக்கு அனுப்பினால், அஞ்செட்டி மலைப்பக்கத்து சிக்னலில் பாதிப் படம்தான் வரும். மூன்று அளவில் சேமித்து எஸ்ஆர்சிசெட்டில் (திரைக்கு ஏற்ற படத்தைப் பிரவுசரே தேர்ந்தெடுக்க விடும் வரி) கொடுங்கள்.