செகண்ட்ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் செடான்: தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கி.மீ.தான். ஆக்டேவியா, சிவிக், வெர்னா டர்போ என்று உள்ளூரில் ஒன்றிரண்டு கண்ணில் படுகிற கார்கள் அங்கே வரிசையாக விற்பனைக்கு நிற்கும். அதனால் தேடல் ஓசூரைத் தாண்டிவிடும். விலையும் குறைவாகத் தெரியும். அந்தக் குறைந்த விலைக்குள் இருக்கும் வரி, பதிவு, பழுது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

முதலில் பவர். லைசென்ஸ் எடுத்து மூன்று நான்கு வருடம்கூட ஆகாதவருக்கு 110 முதல் 120 பி.எஸ். (குதிரைத்திறன்) தாராளம். ஸ்கோடா ரேபிட் 1.0 டி.எஸ்.ஐ. 110 பி.எஸ்.தான் தரும். ஆனால் 175 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை) குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே கிடைப்பதால், ஓவர்டேக் செய்யும்போது அதைவிடப் பெரிய எஞ்சின் மாதிரி இழுக்கும். ஓசூர்–ராயக்கோட்டை–பாலக்கோடு–தருமபுரி சாலையில் டிராக்டரும் டூவீலரும் எந்தச் சந்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அந்தச் சாலையில் 180 பி.எஸ். காரின் மீதி பவருக்கு வேலையே இல்லை. அந்தப் பணத்தை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பவரைவிட முக்கியமானது இ.எஸ்.சி., அதாவது கார் சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்துக்கு பிரேக் கொடுத்து நேராக்கும் வசதி. இதை விளம்பரத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரே மாடலில் ஒரு வேரியண்ட்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. இக்னிஷன் போட்டதும் மீட்டரில் சறுக்கும் கார் படம் மஞ்சளாக எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். ஸ்லாவியா, விர்டஸ் கார்களில் எல்லா வேரியண்ட்டிலும் உண்டு. 2014-இல் வந்த நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டியில் கிடையாது. 2020-இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் உண்டு.

எந்த மாடல்?

தலைவலி குறைவாக வேண்டுமென்றால் ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல் மேனுவல். டர்போ இல்லை, டைமிங் செயின், உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஒருவர் இருப்பார். வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கு விடும் இடைவெளி) பார்த்து எவ்வளவு நாளானது என்று மட்டும் கேளுங்கள். டப்பெட் சத்தம் 'டிக் டிக்' என்று சூடான பிறகும் கேட்டால் அந்த வேலை பாக்கி. 2013 வரை வந்த எட்டாம் தலைமுறை சிவிக் 1.8, ஓட்ட இன்னும் நல்ல கார். ஆனால் தாழ்வானது. கிராமத்து ஸ்பீடு பிரேக்கரில் நான்கு பேரோடு போனால் அடி தட்டும், எனவே அடிப்பாகத்தை லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்தக் காலத்து ஹோண்டா கார்கள் பல, டக்காடா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டரை (பையை ஊதும் பாகம்) மாற்ற கம்பெனி திரும்ப அழைத்த ரீகாலில் வந்தவை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஹோண்டா வலைத்தளத்தில் பாருங்கள். பாக்கி இருந்தால் டீலரிடம் இலவசமாக மாற்றித் தருவார்கள். பழைய இன்ஃப்ளேட்டர் வெடித்தால் உலோகத் துண்டுகள் முகத்தில் பாயும், ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டர்போ ஆசைக்கு ரேபிட் 1.0 மேனுவல் நல்ல ஆரம்பம். ஆட்டோமேட்டிக் என்றாலும் அது கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ், பயம் குறைவு. வென்டோ 1.2 டி.எஸ்.ஐ., ஆக்டேவியா 1.8, ஸ்லாவியா 1.5 ஆட்டோமேட்டிக் ஆகியவற்றில் இருப்பது ஏழு கியர் டிரை கிளட்ச் டி.எஸ்.ஜி., அதாவது ஆயிலில் மூழ்காத இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக். ஓட்ட இன்பமானது. ஆனால் பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் வருடக்கணக்கில் ஊர்ந்த டிரை கிளட்ச் சூடேறித் தேய்ந்திருக்கும், கூடவே கியர் மாற்றத்தை இயக்கும் மெகட்ரானிக் யூனிட்டும் போகலாம். சரிசெய்ய லட்சத்தைத் தாண்டும். சோதிப்பது இப்படி: கார் சூடான பிறகு டி-யில் போட்டு பிரேக்கிலிருந்து காலை எடுங்கள், அதிராமல் மெல்ல நகர வேண்டும். அடுத்து ஒரு சிறு ஏற்றத்தில் ரிவர்ஸில் மெதுவாக ஏறுங்கள். ஆர்-இலிருந்து டி-க்கு பலமுறை மாற்றிப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறல், ஒரு வினாடிக்கு மேல் தாமதம், மீட்டரில் கியர் எழுத்து மினுக்குவது — இவற்றில் எது வந்தாலும் விலைபேசாமல் எழுந்துவிடுங்கள்.

பழைய ஸ்கோடா லாராவின் 1.8 டி.எஸ்.ஐ. எஞ்சினில் பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிக்கும் பழக்கமும், டைமிங் செயின் டென்ஷனர் தளரும் பழக்கமும் உண்டு. டென்ஷனர் கைவிட்டால் செயின் தாவி வால்வ் பிஸ்டனில் மோதும், எஞ்சின் முடிந்தது. 1,000 கி.மீ.க்கு அரை லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்றுகிறேன் என்று ஓனர் சொன்னால் அந்தக் கார் வேண்டாம்.

ஃபியட் லினியா டி-ஜெட்டின் ஸ்டியரிங்குக்கு ரசிகர்கள் உண்டு, நியாயமான ரசிகர்கள். ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டதால் உதிரிக்கு அலைய வேண்டும். ஒரே காரை வைத்து தினம் வேலைக்குப் போகிறவர் தொடக் கூடாது. பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் பின்சக்கரத்தால் ஓடுவது, மழையில் வளைவில் ஆக்ஸிலரேட்டரை அதிகம் மிதித்தால் வால் வெளியே போகும். பெரும்பாலும் காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர், ஸ்டெப்னி இருக்காது. ஊத்தங்கரைப் பக்கம் இரவில் டயர் கிழிந்தால் அங்கே மாற்று டயர் கிடைக்காது. உண்மையான இரண்டு கதவு கூபே நம் சந்தையில் மிகக் குறைவு. பென்ஸ் சி.எல்.ஏ. நான்கு கதவு கூபே, மஸ்டாங் 5 லிட்டர் வி8. முதல் காராக இரண்டும் வேண்டாம்.

டெல்லி வண்டிகள் தனிக் கதை. தலைநகர்ப் பகுதியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் கார்களுக்கு வந்த தடையால் ஆடியும் பி.எம்.டபிள்யூ.வும் அடிமாட்டு விலைக்குத் தெற்கே வந்தன. வாங்கும் விலைதான் மலிவு, சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு செட்டின் விலை புதுக் காருக்கு உள்ளதேதான்.

காரைப் பார்க்கப் போகும்போது

காலையில் முதல் ஆளாகப் போங்கள். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு மூன்று வினாடி சங்கிலி உருளும் சத்தம் வந்தால் டைமிங் செயின். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. நிற்காத வெள்ளைப்புகை, இனிப்பு வாடை என்றால் கூலன்ட் உள்ளே போகிறது.

பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வாடகைக்கோ இரவலாகவோ எடுத்துச் செல்லுங்கள். கம்பெனி பெயிண்ட் ஏறத்தாழ 80 முதல் 150 மைக்ரான் காட்டும். 200-க்கு மேல் மறுபெயிண்ட், 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. ஒரு ஃபெண்டரில் மட்டும் மறுபெயிண்ட் என்றால் பரவாயில்லை, பில்லரிலும் கூரையிலும் எண் ஏறினால் வேண்டாம். பானட் கீலிலும் ஃபெண்டரிலும் உள்ள போல்ட் தலைகளில் ஸ்பானர் பட்ட கீறலைத் தேடுங்கள்.

ஏர்பேக் விளக்கை நன்றாகக் கவனியுங்கள். இக்னிஷன் போட்டதும் எரிந்து சில வினாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் பல்பைக் கழற்றியிருப்பார்கள். ஆயில் விளக்கோடு சேர்ந்து ஒரே நொடியில் அணைந்தால் ஒயரை அதோடு இணைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் டேஷ்போர்டை மட்டும் மூடி விற்பவர்கள் செய்யும் வேலை இது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுங்கள். அடியில் தைத்த லேபிளின் தேதி காரின் வருடத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற கார். 2015-இலும் 2023-இலும் சென்னையிலும், 2022 செப்டம்பரில் பெங்களூருவிலும் மூழ்கிய கார்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம்.

இளைஞர்கள் அதிகம் ஏமாறுவது மாடிஃபைட் காரில். 'ஸ்டேஜ் 1 ரீமேப்' (எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றிப் பவரைக் கூட்டுவது) என்பதைப் பெருமையாகச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். கூடுதல் டார்க்கை கிளட்சும் கியர்பாக்ஸும்தான் தாங்க வேண்டும், அந்தத் தேய்மானத்துக்கு நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். விற்பதற்கு முன் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றியும் வைப்பார்கள். காரின் கணினியைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரைச் செருகினால் எர்ரர் எதுவுமே இல்லை, ஆனால் ரெடினஸ் சோதனைகள் (கார் தானே செய்துகொள்பவை) 'முடியவில்லை' என்று காட்டினால் அண்மையில்தான் எர்ரர் பதிவுகளை அழித்திருக்கிறார்கள். வெட்டிய ஸ்பிரிங், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத எக்ஸாஸ்ட் இரண்டும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கும். விபத்து க்ளெய்மிலும் இதே காரணத்தைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு.

டெஸ்ட் டிரைவ் அரை மணி நேரமாவது வேண்டும். ஸ்பீடு பிரேக்கர் உள்ள ஊர்ச்சாலை, நான்குவழிச் சாலை, ஓர் ஏற்றம் மூன்றும் இருக்கட்டும். தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலை அடிவாரத்து வளைவுகள் ஏற்றத்துக்குப் பொருத்தம். ஸ்பீடு பிரேக்கரில் 'டொக்' என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்ட்ரட் மவுண்ட். காலியான நேர்ச்சாலையில் 60-இலிருந்து அழுத்தி நிறுத்துங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது, ஒரு பக்கம் இழுத்தால் கேலிப்பர் இறுகியிருக்கிறது.

பிரேக் சோதனையைத் தொப்பூர் இறக்கத்தில் செய்யவே கூடாது. அந்தக் கணவாயில் நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்தபடியே வந்தால், இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத பிரேக் ஆயில் உறிஞ்சிய ஈரம் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சாக உள்ளே போகும். லாரிகளுக்கு மட்டும் நடப்பதல்ல இது. வாங்கிய வாரமே டாட் 4 பிரேக் ஆயிலை மாற்றுங்கள், இறக்கத்தில் மூன்றாவது கியரில் இறங்குங்கள். டயர் ஓரத்தில் உள்ள நான்கு இலக்க எண்ணில் 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர், பட்டன் (மேல்பரப்பின் மேடு) தேயாமல் இருந்தாலும் மாற்ற வேண்டியதே. நான்கும் ஒரே பிராண்டாக இல்லாத வேகக் கார், அந்த ஓனர் எதில் மிச்சம் பிடித்தார் என்பதைச் சொல்லிவிடும்.

காகிதமும் கணக்கும்

கே.ஏ. (கர்நாடக) நம்பர் வண்டியென்றால் விற்பவர் தன் ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 வழியாக என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். எந்த அலுவலகத்துக்கு மாற்றுகிறோம் என்பதை அதில் சரியாகக் குறிப்பிட வேண்டும்: தருமபுரி டி.என். 29, கிருஷ்ணகிரி 24, ஓசூர் 70. கடன் பாக்கி இருந்தால் முதலில் படிவம் 35 கொடுத்து ஹைபோதிகேஷன் (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) நீக்க வேண்டும், சலான் பாக்கியும் கட்டியாக வேண்டும். பிறகு இங்கே படிவம் 27, 29, 30, வண்டி ஆய்வு, வயதுக்கேற்ற ஆயுள் வரி. வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவெண் கட்டாயம். இந்த வரியை முன்பே கேட்டு அறிந்து, பேசிய விலையோடு கூட்டி, அதே மாடல் டி.என். வண்டியின் விலையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூன் நிர்ணயப்படி 1,000 சி.சி. வரை ரூ.2,094, 1,500 வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. 999 சி.சி. ரேபிட்டுக்கும் 1.8 ஆக்டேவியாவுக்கும் வருடாவருடம் வரும் வித்தியாசம் இது. கையில் உள்ள மொத்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை முதல் சர்வீஸுக்கும் டயருக்கும் ஒதுக்கிவிட்டு மீதியில்தான் கார் தேட வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், அதற்கு முந்தைய சலான் விற்றவர் பொறுப்பு. இரண்டு சாவியும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விற்றவரின் ஃபாஸ்டேக்கை அவர் மூடியதை உறுதிசெய்து, கிருஷ்ணகிரி டோல்கேட் வருவதற்கு முன் உங்கள் பெயரில் புதிது ஒட்டிக்கொள்ளுங்கள்.