தூறலில் ஃப்ளை தூண்டில்: எண்ணூர் முகத்துவாரத்தில் கூட்டாகப் படகேறப் போகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் வடசென்னையில் ஞாயிறு என்றாலே மழைதான். வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் தை வந்துவிடும். அதனால் நாங்கள் தூறலிலேயே கிளம்பிவிடுவோம். இந்தத் தூண்டிலுக்கு எதிரி மழை இல்லை, காற்று.

காசிமேட்டில் வாங்கும் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்மீன். அதற்குக் கனமே கிடையாது. கனமெல்லாம் தடித்த லைனில்தான். அதை முன்னும் பின்னும் வீசித்தான் முள்ளைத் தூரம் அனுப்ப வேண்டும். பலமான காற்றடித்தால் லைன் மீனிடம் போகாது, பக்கத்தில் இருப்பவரிடம் போகும். முதல் பயணத்தில் நண்பனின் முள் என் காதில் ஏறியது. எதிர்முள்ளை (முள் நுனியருகே பின்னோக்கி இருக்கும் சிறு கூர்) குறடால் நசுக்கி வைத்திருந்ததால் வந்த வழியே கழன்றது. ஆகவே முதல் படி இதுதான்: படகில் ஏறும் முன்பே எல்லோருடைய எதிர்முள்ளையும் நசுக்குங்கள். கண்ணாடியும் தொப்பியும் இல்லாதவருக்குத் தூண்டில் கிடையாது.

முந்தின நாள் வானிலை அறிக்கையைப் பாருங்கள். மீனவர்களுக்கு எச்சரிக்கை இருந்தாலோ, துறைமுகத்தில் எந்த எண் புயல் கூண்டு ஏற்றியிருந்தாலோ பயணம் ரத்து. பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்தாலும் அப்படியே. அந்தத் தண்ணீர் கொசஸ்தலையாறு வழியாக எண்ணூருக்குத்தான் வருகிறது.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. படகை நீரோட்டத்தில் விட்டு மிதந்துகொண்டே மீன் பிடிப்பதுதான் இந்தப் பயணம். எந்த ஓட்டத்தில் மிதப்பது? புதியவர்கள் பலர் வற்றத்தை (தண்ணீர் கடலுக்கு வடியும் நேரம்) தேர்ந்தெடுப்பார்கள், மீன் அப்போது நன்றாகக் கடிக்கும் என்று. கடிக்கும்தான். ஆனால் வற்றம் உங்களைக் கடலை நோக்கித் தள்ளும். வாடைக்காற்று எதிரே வந்தால் முகத்துவாரத்தில் அலை எழும்பும். மோசமான வானிலையில் ஏற்றத்தில், அதாவது கடல்நீர் உள்ளே ஏறும்போது, மிதக்க வேண்டும். இன்ஜின் நின்றாலும் படகு உள்ளே, உப்பங்கழியை நோக்கித்தான் போகும். இங்கே பெரிய ஓதத்திலும் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால் இழுவையும் பயமுறுத்தாது. காற்று வேகமாகத் தள்ளினால் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் விடுங்கள், படகு நிதானப்படும்.

ஆறு பேர் என்றால் இரண்டு ஃபைபர் படகு. ஒவ்வொன்றிலும் ஓட்டுகிற அண்ணன் தவிர மூன்று பேர்: ஒருவர் அணியத்தில் (படகின் முன்பக்கம்), ஒருவர் பின்னால், மூன்றாமவர் நடுவில் சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் வீசலாம். உயிர்காப்பு உடையை உட்காரும் மெத்தையாக்காதீர்கள், போட்டுக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

இனி வீச்சு. 9 அடித் தூண்டில் கழி, 8 எண் லைன் (எண் கூடக் கூட லைன் கனக்கும்) போதும். 30 அடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். வலக்கைக்காரருக்கு வலப்பக்கத்திலிருந்து வரும் காற்றுதான் ஆபத்து, முள்ளைத் தலைமேல் கொண்டுவரும். அப்போது கழியை இடத்தோள் பக்கம் சாய்த்து வீசுங்கள். முடியவில்லையா, திரும்பி நின்று பின்வீச்சில் விடுங்கள். படகின் ஆணி, கயிறு எல்லாம் லைனைப் பிடித்துக்கொள்ளும். தரையில் ஈரத் தார்ப்பாயை விரித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மழையில் தண்ணீர் கலங்கும். கறுப்பு ஃப்ளை கட்டுங்கள், நிழலுருவம் தெரியும். கலங்கலும் தெளிவும் சேரும் கோட்டில் போட்டு, மெதுவாக இழுங்கள். கொடுவா மீன் அங்கேதான் காத்திருக்கும். கடித்ததும் கழியைத் தூக்காதீர்கள், இடக்கையால் லைனை வெடுக்கென்று இழுங்கள். (இது எனக்கு வரவே இரண்டு பருவம் ஆனது.) மீனவர்கள் வலை கட்டியிருக்கும் பக்கம் போகக்கூடாது, அது அவர்கள் பிழைப்பு. சாம்பலும் எண்ணெயும் கண்ட தண்ணீர் என்பதால் நான் பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவேன்.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ண முடியாவிட்டால் உடனே கரைக்குப் போங்கள். கார்பன் கழி மின்சாரத்தைக் கடத்தும், அதனால் படுக்கவைத்துவிடுங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். எங்கள் படகு அண்ணன் சொல்வார்: "மேகம் கறுத்தா இருக்கட்டும் தம்பி, காத்து திரும்புனா கெளம்பணும்." அவர் கரைக்குக் கிளம்பலாம் என்றால் கிளம்ப வேண்டும், வாக்கெடுப்பு கிடையாது.

கரையில் இறங்கும்போது செருப்பைக் கழற்றாதீர்கள், ஆளி (சிப்பி) ஓடு பிளேடு மாதிரி கிழிக்கும். வீட்டுக்கு வந்ததும் லைன், ரீல், ஃப்ளை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி, மின்விசிறிக்குக் கீழே பரப்பிவையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் மறுநாள் காலையில் முள்ளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கும்.