பெண்டன் கவுண்டிக்கு வருகிறீர்களா? ஊரைப் பற்றிக் கொஞ்சம்

வால்மார்ட் வேலைக்காக, அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பெண்டன் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கும் பெண்டன்வில்லில் வந்து இறங்கும் நம்மவர்கள் பலர், ஊரே அந்தக் கம்பெனியோடுதான் பிறந்தது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய கதை கொஞ்சம் தெரிந்தால், பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுக்கவாவது உதவும்.

கவுண்டி உருவானது 1836-இல். ஆர்கன்சா மாநிலமானதும் அதே வருடம்தான். செரோக்கி என்ற பூர்வகுடி மக்களைச் சொந்த நிலத்திலிருந்து அரசு விரட்டியபோது, 1838-39-இல் அவர்களில் பலர் இந்த வழியாகத்தான் நடந்துபோனார்கள். அந்தப் பாதையில் ஒரு துண்டு பீ ரிட்ஜ் தேசிய ராணுவப் பூங்காவுக்குள் இன்னும் இருக்கிறது. 1862 மார்ச்சில் உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை ஒன்று நடந்ததும் அங்கேதான். வந்த கையோடு ஒரு சனிக்கிழமை போய் நடந்துவிட்டு வாருங்கள்.

1881-இல் ரயில் பெண்டன்வில்லைத் தொடாமல் கிழக்கே போனது. அந்தத் தடத்தில் முளைத்த ஊர்தான் ராஜர்ஸ். அப்புறம் ஆப்பிள் காலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டிலேயே அதிகமாக ஆப்பிள் விளைந்த கவுண்டிகளில் இதுவும் ஒன்று. அடிபட்ட பழத்தை வாங்கிக்கொள்ள வினிகர் ஆலைகள்கூட இருந்தன. பூச்சியும் நோயும் வறட்சியும் சேர்ந்து தோப்புகளை அழித்தன. விவசாயிகள் கோழிப்பண்ணைக்கு மாறினார்கள். ஆர்கன்சா பிளாக் என்ற கருஞ்சிவப்பு ஆப்பிள் இங்கே பிறந்த ரகம் என்கிறார்கள். இலையுதிர்காலச் சந்தையில் கிடைத்தால் விடாதீர்கள். பறித்த புதிதில் கடிக்கவே முடியாது. சில வாரம் குளிரில் வைத்தால்தான் இனிக்கும்.

வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டன் பெண்டன்வில் சதுக்கத்தில் கடை வாங்கியது 1950-இல். முதல் வால்மார்ட் திறந்தது 1962-இல், ராஜர்ஸில். 1960-இல் சுமார் 36 ஆயிரமாக இருந்த கவுண்டியின் மக்கள்தொகை 2020-இல் 2.84 லட்சம். சாலையும் பள்ளியும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன. அதனால் வாடகைக்கு வீடு பார்க்கும்போது காலை எட்டு மணிக்கு, அங்கிருந்து வேலைக்குப் போகும் வழியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

சரி, முக்கியமான ஒன்று. இங்கே காருக்கும் சொத்து வரி உண்டு. குடிவந்த 30 நாளுக்குள் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் காரைப் பதிந்துவிடுங்கள். அது இல்லாமல் ஆர்கன்சா நம்பர் பிளேட் வாங்க முடியாது. பிறகு வருடாவருடம் மே 31-க்குள் மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். வரியை அக்டோபர் 15-க்குள் கட்ட வேண்டும். தேதி தவறினால் அபராதம்.