விழுந்து விழுந்து நடக்கும் பிள்ளை: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

ஒரு வயதுப் பிள்ளை கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடக்க ஆரம்பித்ததும் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கவலை வந்துவிடும். ஏன் இப்படித் தொப்புத் தொப்பென்று விழுகிறது? காலில் பலமில்லையா, சோறு சரியாக இறங்கவில்லையா, யார் கண்ணாவது பட்டுவிட்டதா? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 12 முதல் 19 மாதப் பிள்ளைகள் தம்பாட்டுக்கு விளையாடுவதைப் படம்பிடித்து, அடிகளையும் விழுவதையும் எண்ணி 2012ல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடி, 17 தடவை விழுதல். எல்லாம் நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள்தான். புதிதாக நடை பழகியவை இன்னும் அதிகமாகவே விழுந்தன.

ஆக, விழுவது கோளாறு இல்லை, நடை பழகுவதில் அதுவும் ஒரு பகுதி. நாம் கவனிக்க வேண்டியது வேறு இரண்டு: எங்கே விழுகிறது, எப்படி விழுகிறது. பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, விழவே கூடாது என்று மெனக்கெடுகிறோம். தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

முதலாவது, சக்கரம் வைத்த வாக்கர். பிள்ளையை நடுவில் உட்கார வைத்துவிட்டு அம்மா அடுப்படி வேலையைப் பார்க்கலாம் என்பதால் வாங்குகிறோம். அதில் உட்கார்ந்த பிள்ளை விரல் நுனியால் தரையை உந்தித் தள்ளுமே தவிர, உடம்பைத் தானாக நிறுத்திப் பிடிக்கக் கற்றுக்கொள்ளாது. அதைவிட மோசம், அதன் வேகம். நம் பழைய ஓட்டு வீடுகளில் கூடத்தைவிட முற்றம் இரண்டடி பள்ளம், திண்ணைக்குக் கீழே தெருவரைக்கும் படி. வாக்கரோடு அங்கே கவிழ்ந்தால் முதலில் அடிபடுவது தலை. கனடா 2004லேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அடுத்த வீட்டுக்கும் கொடுக்க வேண்டாம். மரத்தில் செய்த மூன்று சக்கர நடைவண்டி அப்படியல்ல. பிள்ளை தானே எழுந்து நின்று தள்ளிக்கொண்டு போகிறது, தன் எடையைத் தானே தாங்குகிறது. ஆனால் வழவழப்பான டைல்ஸில் அதுவும் பிய்த்துக்கொண்டு ஓடும். மண்வாசலிலோ சிமெண்டுத் தரையிலோ, ஆள் பக்கத்தில் இருக்கும்போது தள்ளட்டும்.

அடுத்தது, கையைப் பிடித்து இழுப்பது. தடுமாறும் பிள்ளையின் ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்குவோம். விழாமல் காப்பாற்றத்தான். ஆனால் ஒன்றிலிருந்து நாலு வயது வரை முழங்கை மூட்டில் எலும்பைப் பிடித்திருக்கும் தசைநார் இளசு. ஒரு சுண்டு சுண்டினாலே எலும்பு லேசாக நழுவிவிடும். வீக்கம் இருக்காது. பிள்ளை அந்தக் கையைத் தொங்கவிட்டபடி, தொட்டால் மட்டும் அழும். 'சுளுக்கு' என்று எண்ணெய் தேய்த்து நீவாமல் டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரிசெய்துவிடுவார். தூக்குவதென்றால் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்குங்கள். நடக்க வைக்கும்போது இரண்டு கையையும் தலைக்கு மேலே பிடித்து நடத்துவதும் வேண்டாம். குனிந்து உங்கள் விரலைப் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் நீட்டுங்கள், தேவைப்பட்டால் அது பிடித்துக்கொள்ளும்.

காலுக்கும் உடைக்கும் வருவோம். வீட்டுக்குள் வெறுங்கால்தான் சிறந்தது. பாதம் தரையை உணர்ந்தால்தான் விரல்கள் பற்றிக்கொள்ளும். மொசைக், டைல்ஸ் தரையில் சாக்ஸ் மாட்டிவிடுவது வழுக்கி விழ நாமே வழி செய்துகொடுப்பது. பீப்பீ சத்தம் போடும் செருப்பும் அடிப்பாகம் கெட்டியாக இருந்தால் உதவாது. வெளியே போக, நன்றாக வளைகிற, காலோடு ஒட்டி நிற்கிற செருப்பு போதும். 'பிள்ளை வளர்கிறதே, அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்' என்று ஒரு அளவு பெரிதாக வாங்குவதை மட்டும் தயவுசெய்து விடுங்கள். பட்டுப்பாவாடையும் அப்படித்தான். கோவிலுக்குப் போகும்போது கணுக்காலுக்குக் கீழே தொங்குகிற பாவாடையை மிதித்து முகம் குப்புற விழாத பெண்பிள்ளை உண்டா? இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டினால் அழகு ஒன்றும் குறைந்துவிடாது.

இனி இடம். காவிரி டெல்டாவில் பிள்ளை வளர்ப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முந்திப் பார்க்க வேண்டியது இதைத்தான். வாசலில் நெல் காயப்போடும் நாளில் சிதறிய மணி காலடியில் உருளும். அடிபம்பைச் சுற்றிய கல்லில் பாசி பிடித்திருக்கும், வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் பெரியவர்களுக்கும் நல்லது. இவற்றில் விழுந்தால் அடிபடும், ஆறிவிடும். தண்ணீரில் விழுந்தால் அப்படியில்லை. இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குனிந்து எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகுப்புறத்தான் விழும், தானாக நிமிர்ந்து எழத் தெரியாது. கொல்லையில் பாதி நிரம்பிய அன்னக்கூடை, துணி ஊறும் பக்கெட், மாட்டுக்கு வைத்த தொட்டி, எதுவும் போதும். சத்தமே கேட்காது. பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

கோடை முழுக்க வாய்க்கால் வறண்டு கிடக்கும். பிள்ளைகள் அதற்குள்ளேயே இறங்கி மண்ணில் விளையாடிப் பழகியிருக்கும். வழக்கமாக ஜூன் 12 என்று நாம் சொல்லும் மேட்டூர் அணை திறப்பு நடந்ததும், சில நாளில் கல்லணை திறந்து, காவிரி, வெண்ணாறு, கிளை வாய்க்கால் என்று தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்துவிடும். நமக்கு அது சந்தோஷம், குறுவைக்கு உயிர். ஆனால் நேற்று வரை விளையாடிய இடம் இன்று ஆளை இழுக்கும் என்று ஒன்றரை வயதுக்குத் தெரியாது. தண்ணீர் வரும் சேதி கேட்ட அன்றே கொல்லைப்புறப் படலைக் கட்டுங்கள், கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடுங்கள். 'அப்பாயி பார்த்துக்கும்' என்று எல்லாரும் நினைத்திருக்கும் வீட்டில்தான் யாருமே பார்க்காத ஐந்து நிமிடம் வருகிறது. யார் பார்க்கிறார்கள் என்று பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.

விழுந்த பிறகு நாம் செய்வதிலும் தவறுகள் உண்டு. 'ஐயோ!' என்று நாம் அலறுவதைக் கேட்டுத்தான் பாதிப் பிள்ளைகள் அழ ஆரம்பிக்கின்றன. தரையை அடித்து 'உன்னைத் தள்ளிவிட்டுச்சா?' என்று கேட்பதும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள், எழுந்துவிடும். நெற்றி புடைத்தால் அதை அழுத்தித் தேய்க்கிறோம், சூடு ஒற்றுகிறோம். இரண்டும் வீக்கத்தை அதிகமாக்கும். ஈரத்துணியில் ஐஸ் சுற்றிப் பத்து நிமிடம் மெதுவாக வையுங்கள். வெட்டுக்காயத்தில் காப்பித்தூளை அப்பாதீர்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும்.

தலையில் பலமாக அடிபட்டிருந்தால் இரண்டு நாள் கண்ணில் வைத்திருங்கள். கொஞ்ச நேரமாவது நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம், காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போலக் கசிவு, இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்புறம் இன்னொன்று: லேசாகத்தான் விழுந்தது, வீக்கமும் இல்லை, ஆனால் ஒரு காலை மட்டும் ஊன்ற மாட்டேன் என்கிறது. கால் முறுக்கிக்கொண்டு விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய கீறல் விழுந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். நொண்டல் தொடர்ந்தால் மறுபடி காட்டுங்கள்.

சரி, எப்படி விழுந்தால் கவலைப்பட வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப்படி, பிள்ளைகள் தனியாக நடக்கத் தொடங்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஆனால் 18 மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் 'அவன் அப்பனும் லேட்டுதான்' என்று தள்ளிப்போடக் கூடாது. ஆற்று மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிற்க வைத்துப் பார்ப்பதிலும் நாள்தான் போகும். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுவது, ஒரு கையை மட்டுமே பயன்படுத்துவது, வாத்துபோல ஆடி நடப்பது, இரண்டு வயதுக்குப் பிறகும் நுனிக்காலிலேயே நடப்பது, கால் வளைவு குறையாமல் கூடிக்கொண்டே போவது, பொருட்கள் மேல் போய் இடித்துக்கொள்வது எல்லாம் காட்ட வேண்டியவை. இடுப்பு மூட்டு, நரம்பு, வைட்டமின் டி குறைவு, பார்வை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை காய்ச்சலுக்குப் பிறகு திடீரென்று தள்ளாடினால் அன்றைக்கே போக வேண்டும்.

மற்றபடி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை. 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் பூஸ்டர் தடுப்பூசிக்கு எப்படியும் துணை சுகாதார நிலையத்துக்குப் போவீர்கள், அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். புது இடத்தில், ஊசியைப் பார்த்த பயத்தில் பிள்ளை இடுப்பைவிட்டு இறங்காது. அதனால் முந்தின நாளே போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜட்டியோடு, வெறுங்காலோடு, முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று, தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது ஒன்று. எந்தப் பக்கம் விழுகிறது, எந்தக் கையை ஊன்றி எழுகிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும்.