சர்க்கரைப் புண் எலும்பைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது?

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் நான். "மேலே மூடிடுச்சு சிஸ்டர், ஆனா அதே இடத்துல மறுபடியும் ஒழுகுது" என்று யாராவது சொன்னால், அடியில் எலும்பு கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவேன். பெரும்பாலும் அந்தச் சந்தேகம் வீண்போவதில்லை.

எலும்பு துருத்தும் இடத்தில் வந்த புண், 2 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரந்த புண், 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமான புண், ஒரு விரல் மட்டும் முழுசாகச் சிவந்து உருண்டு வீங்குவது, இவையெல்லாம் சந்தேகத்துக்கு உரியவை. வலி இல்லையே, காய்ச்சல் இல்லையே என்று தேற்றிக்கொள்ளாதீர்கள். மரத்துப்போன கால் வலியைச் சொல்லாது. காரணமே இல்லாமல் சுகர் ஏறுவதுதான் சிலருக்கு முதல் தகவல்.

டாக்டர் கிருமி நீக்கிய மழுங்கிய உலோகக் குச்சியைப் புண்ணுக்குள் மெதுவாக விடுவார். கெட்டியாகத் தட்டினால் எலும்பு வரை போய்விட்டது என்று பொருள். வீட்டில் ஊக்கையோ குச்சியையோ விட்டுப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். அடுத்து எக்ஸ்ரே, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை. இ.எஸ்.ஆர். 70-க்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாகப் போய்விடாதீர்கள். முதல் 2, 3 வாரங்களில் எலும்பின் மாற்றம் படத்தில் தெரியாமலே இருக்கலாம். திரும்ப எடுக்க வேண்டும், அப்போதும் தெளிவில்லையென்றால் எம்.ஆர்.ஐ. புண்ணே இல்லாமல் பாதம் சிவந்து சூடாக வீங்கியிருந்தால் அது சார்கோ பாதமாகவும் இருக்கலாம், அதாவது நரம்பு மரத்த காலில் எலும்பும் மூட்டும் சிதையும் நோய். அதற்கு வைத்தியமே வேறு.

மருந்து தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எலும்பிலிருந்து சாம்பிள் எடுக்க முடியுமா?" புண்ணின் மேல் பஞ்சைத் தேய்த்து எடுத்த கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை), மேலே குடியிருக்கும் கிருமிகளைத்தான் காட்டும். எலும்பைத் தின்பது வேறொன்றாக இருக்கலாம். காலுக்கு ரத்தம் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் சரியாகப் போகாது.

எலும்பை எடுக்காமல் மருந்திலேயே குணப்படுத்துவதென்றால் ஆன்டிபயாடிக் சுமார் 6 வாரம். கெட்ட எலும்பை முழுவதும் வெட்டியெடுத்துவிட்டால் சில நாட்களே போதும். வெட்டிய விளிம்பில் கிருமி மிச்சமிருந்தால் 3 வாரம் வரை. ஆபரேஷன் என்றதும் காலே போய்விடும் என்று பயப்படுகிறார்கள். பல சமயம் ஒரு விரல் எலும்பின் துண்டை எடுப்பதோடு முடிந்துவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் கால்சியம், இரும்பு மாத்திரை, வயிற்றெரிச்சல் மருந்து எதையும் அதோடு சேர்த்து விழுங்காதீர்கள். மருந்து உடம்பில் சேராது. சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு அது சுகரைத் திடீரென்று இறக்கிவிடவும் கூடும்.

இனி நான் தினமும் சண்டை போடும் விஷயம்: காலை ஊன்றுவது. மாத்திரையை மணி தவறாமல் போடுவார்கள், ஆனால் "பாத்ரூம் வரைக்கும்தானே" என்று புண்ணின் மேலேயே நடப்பார்கள். ஒவ்வொரு அடியும் அந்த எலும்பின் மேல் விழுகிறது. உள்ளங்காலில் புண் என்றால் முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத காஸ்ட் (மாவுக்கட்டு போன்ற கெட்டிக் கட்டு) நல்லது. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் புண்ணில் சீழும் ரத்த ஓட்டக் குறைவும் சேர்ந்திருந்தால் அதைப் போட முடியாது. அப்போது கழற்றக்கூடிய பூட்ஸ்தான். ராத்திரி எழுந்தாலும் அதை மாட்டிக்கொண்டுதான் எழ வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், தேடவிடாதீர்கள்.

புண் மூடியதும் வைத்தியம் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மருந்து முடிந்து 6 மாதம் வரை திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே டாக்டர்கள் குணம் என்று சொல்வார்கள். அதுவரை தினமும் கண்ணாடி வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பாருங்கள். கண் மங்கலானவர்களுக்கு வேறொருவர் பார்க்கட்டும்.

சிவப்பு மேலே ஏறினாலோ, தோல் கறுத்தாலோ, அழுத்தினால் நொறுநொறுவென்று சத்தம் வந்தாலோ, குளிர்காய்ச்சலோ குழப்பமோ வந்தாலோ, அடுத்த கட்டு மாற்றும் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.